ஊமத்தங்கண்

"ராத்திரி பன்னெண்டுனு நெனச்சுக்காதீங்க. பகல் பன்னெண்டு. உச்சி வெயிலு. ரோட்டுல ஒரு ஆள் கெடையாது…"

மாறன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியே கார்த்திகை மழை. தேரடித் தெருவில் மாறனுடைய செல்போன் ரிப்பேர் கடை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மூன்று பேர் முட்டியோடு முட்டி இடிக்க உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டால் வீட்டுக்குப் போகலாம். விடுகிற மாதிரி தெரியவில்லை. அபிநயா செல் டார்ச்சை மாறனின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"ஏய், கண்ணுல அடிக்காத. இந்தக் கதைய சொல்லும்போது எவன் கண்ணுலயும் டார்ச் அடிக்கக் கூடாது. கீழ வை."

"ஏன், கண்ணு பொட்டையாயிடுமா?"

"கேளு. அப்புறம் நீயே அணைச்சுடுவ."

மூன்றாவது ஆள் விமல்ராஜ். சுவரோரமாக உட்கார்ந்து தன் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அக்காவிடமிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. திரை ஒளிர்கிறபோதெல்லாம் அவன் முகம் நீலமாகத் தெரியும், பிறகு மறையும். இந்தக் கதை அவன் சொந்தக்காரனுடையது. அக்காவின் கொழுந்தன், வல்லரசு என்று பெயர். வல்லரசே ஒருநாள் குடித்துவிட்டு விமல்ராஜிடம் பாதி சொன்னான். மீதி எல்லோருக்கும் தெரிந்தது.

"விமலு, சொல்லட்டுமாடா?"

"சொல்லு. என்ன எதுக்குக் கேக்குற?" அவன் தலை நிமிரவில்லை.

மாறன் சொன்னான்.

அடி அண்ணாமலையிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் பிரிகிறதே, ஒற்றைச் சாலை… அந்தச் சாலை. கிரிவலப் பாதையில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆனால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் போதும், காதை யாரோ பொத்தின மாதிரி சத்தம் அடங்கிவிடும். ஒரு பக்கம் மல்லாட்டைக் கொல்லை. இன்னொரு பக்கம் வேலிக்காத்தான் புதர்.

"மல்லாட்டையா?"

"வேர்க்கடலைடி. மெட்ராஸ்ல படிச்சா இதெல்லாம் மறந்துடுமா?"

தார் இளகி, டயரில் ஒட்டி, சர்ர்… சர்ர்… என்று கிழிகிற வெயில். நிழல்கூட காலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் நேரம். வல்லரசு சவாரியை இறக்கிவிட்டுக் காலி ஆட்டோவோடு திரும்பிக்கொண்டிருந்தான். அவன் மனசு அங்கே இல்லை. அரசு பஸ் டிரைவர் வேலை… பல வருஷமாக அதற்காக அலைந்தவன் அவன். பரீட்சை, ஓட்டிக் காட்டுவது, எல்லாம் முடிந்துவிட்டது. லிஸ்ட் இன்றைக்கு நாளைக்கு என்று இருந்தது. ஒரு சின்ன போலீஸ் கேஸ் இருந்தாலும் அத்தனையும் போச்சு. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

செல் டிங் என்றது. எடுத்தான். லிஸ்ட். விரலால் தள்ளித் தள்ளித் தன் பெயரைத் தேடினான். இருந்தது! வல்லரசு, த/பெ…

டொக்.

ஒரே ஒரு சத்தம். இளநீரை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

ஆட்டோவின் இடது பக்கம் எதையோ உரசியிருந்தது. இறங்கிப் பார்த்தான். ரோட்டோரம் ஒரு மைல்கல். அதன் பக்கத்தில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் ஊமத்தை மொக்கு. கூடை கவிழ்ந்து கிடந்தது.

காசியம்மாளை வல்லரசு தெருவில் தெரியாதவர்கள் இல்லை. பிரதோஷம் வந்தால் அவள் கைக்குத்தான் வேலை. அண்ணாமலையாருக்கு ஊமத்தை உகந்த பூ அல்லவா? ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் மொக்கு பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, மத்தியானத்துக்குள் மாலை கட்டிக் கோயில் வாசலுக்கு அனுப்பிவிடுவாள். வல்லரசு வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. உறவு கிடையாது. ஆனாலும் சின்ன வயசிலிருந்தே அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"அத்த! அடி ஏதாவது பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்லப்பா… கல்லுல இடிச்சுக்கினேன்." வலது காதுக்கு மேலே தடவிக்கொண்டாள். ரத்தம் இல்லை. லேசான ஒரு வீக்கம், அவ்வளவுதான். "பூவை எடுப்பா, வாடிடும்."

பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். அவளை ஆட்டோவில் ஏற்றினான். அவளும் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். பெண் எழிலரசிக்கு வரன் வந்திருக்கிறது, பையன் கீழ்பென்னாத்தூர்… அப்புறம் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

"கண்ணு கூசுதுப்பா."

வல்லரசு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தான். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இடது கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. அந்த வெயிலுக்கு அப்படித்தான் சுருங்க வேண்டும். ஆனால் வலது கண்… அந்தக் கண்ணில் கருப்பு விரிந்து, விளிம்புவரைக்கும் வழிந்து நின்றது. வெயிலே படாத கிணறு மாதிரி.

அந்தத் தெருவில் பூ கட்டுகிற பெண்களுக்கெல்லாம் இப்படி ஒரு கண் வருவது சகஜம். ஊமத்தை பறித்த கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிட்டால் போதும், அந்தக் கண்ணின் மணி பெரிசாகிவிடும். வெயில் பார்த்தால் கூசும். ரெண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். ஊமத்தங்கண் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

அதனால்தான், வீட்டு வாசலில் இறங்கியதும் எழிலரசி அம்மாவின் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா கண்ணு இப்டி இருக்குது?" என்று பதறியபோது, வல்லரசுக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை.

"ஊமத்ததான். கைய கண்ணுல வச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "இத்தினி வருசமா பூ கட்டுற, இன்னும் கைய கழுவத் தெரியலயா காசி?"

காசியம்மாள் சிரிக்கவில்லை. வல்லரசைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்ணாலும், சின்னக் கண்ணாலும்.

"இல்லப்பா… நான் கண்ணத் தொடவே இல்ல."

"அத்த, நீ போய்ப் படு மொதல்ல. நீ என் சொந்த அத்த மாதிரி, எனக்கு அக்கறை இருக்காதா? நான் சொல்றேன்ல, ஊமத்ததான்."

மைல்கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சாயங்காலம் எழிலரசி போன் பண்ணினாள். "அண்ணா, அம்மா வாந்தி எடுக்குது. மண்ட பொளக்குதுனு அழுவுது. வண்டிய எடுத்துனு வாண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அப்போது வல்லரசின் பக்கத்தில் அவன் அண்ணன் சக்கரபாணி இருந்தார். விமலின் அக்கா வீட்டுக்காரர், அவர்தான். வல்லரசு அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். செல் பார்த்தது, உரசியது, கல், டொக்.

சக்கரபாணி கதவைச் சாத்தினார்.

"போனா டாக்டர் இன்னா கேப்பான்? மண்டையில எப்டி அடிபட்டுச்சுனு கேப்பான். ஒடனே போலீசு. ஒன் ஆர்டர் வர்ற நேரத்துல கேஸ் வாங்கினு நிக்கப் போறியா? ஊமத்தனு சொல்லிட்டல்ல? அதுலயே நில்லு. வாயத் தொறக்காத."

வல்லரசு போனில் சொன்னான். "வண்டி ரிப்பேரும்மா. மெக்கானிக் கழட்டிப் போட்டுட்டான். ஊமத்த வாய்ல பட்டிருக்கும், அதான் வாந்தி. மோர் குடுத்துப் படுக்க வை. ரெண்டு நாள்ல…"

விளக்கு வைக்கிற நேரத்தில் காசியம்மாள் செத்துப்போனாள்.

கடைசியாகப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாளாம். "நான் கண்ணத் தொடவே இல்லடி."

வல்லரசு துக்கத்துக்குப் போனான். போகாமல் இருக்க முடியுமா? வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கினான். பெண்கள் பிணத்தின் கண்ணை மூடிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இடது கண் மூடிக்கொண்டது. வலது கண் மட்டும் மூட மூடத் திறந்தது. அது நேராக வாசலைப் பார்த்தது. எழிலரசியும் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வண்டி ரிப்பேர்னு சொன்னியேண்ணா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மழை ஒருமுறை அழுத்திப் பெய்தது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நூலாக உள்ளே வந்தது. அபிநயா காலை மடக்கிக்கொண்டாள்.

"பாவி. அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா?"

"பொழச்சிருக்கும். அதான் சொல்லப் போறேன். நடுவுல பேசாத."

அதற்கப்புறம் வல்லரசு அந்த ஏரிக்கரைச் சாலைப் பக்கமே போகவில்லை. கூடக் காசு தருகிறேன் என்று கெஞ்சினாலும் மாட்டேன் என்றான். சாலை அங்கேயேதானே இருக்கும், நம்மைத் தேடியா வரும் என்று நினைத்தான்.

ஒரு பிரதோஷம். பகல். செங்கம் ரோட்டில் காலி ஆட்டோவோடு போய்க்கொண்டிருந்தான். பின் சீட்டு ‘கீச்’ என்றது. யாராவது ஏறி உட்கார்ந்தால் வருகிற அதே சத்தம். வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் அமிழ்ந்தது. ஓடுகிற வண்டியில் யார் ஏறுவது?

அப்புறம் வாசனை. ஊமத்தை இலையைக் கசக்கினால் ஒரு குமட்டல் நாற்றம் வருமே… பச்சை மல்லாட்டையை ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்து, அது புழுங்கிப்போனால் வருகிற வாசனை. வண்டி முழுக்க அதுதான்.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். நினைக்கும்போதே பார்த்துவிட்டான்.

கண்ணாடி முழுக்க ஒரே ஒரு கண். வெயில் அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. கருப்பு சுருங்கவில்லை.

"கண்ணு கூசுதுப்பா…"

பின்னாலிருந்து ஒரு விரல் வந்தது. ஈரமான விரல். நகத்துக்குள் பச்சைக் கறை. குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், அவனுடைய வலது கண்ணின் கீழ் இமையில் ஒரு கோடு இழுத்தது.

பிரேக் போட்டு, குதித்து இறங்கினான். பின் சீட்டில் யாரும் இல்லை. ரெக்சின் மட்டும் ஈரமாக இருந்தது.

பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக் குழாயில் கண்ணைக் கழுவினான். சோப்பு போட்டுக் கழுவினான். சாயங்காலம் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, வலது கண்மணி விளிம்புவரைக்கும் விரிந்திருந்தது.

ரெண்டு நாளில் அது சரியாகவில்லை. ரெண்டு வாரத்திலும் ஆகவில்லை.

இதற்கு நடுவில் ஆர்டர் வந்தது. ஆர்டரோடு மெடிக்கல் டெஸ்ட்டும் வந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண்தானே முதலில்? அங்கே இருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் காட்டிச் சரி என்று எழுதி வாங்கி வா, அப்போதுதான் வேலை என்றுவிட்டார்.

கண் டாக்டர் அறையை இருட்டாக்கினார். ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்தார். பிறகு இன்னொரு கண்ணில். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது விட்டியா?"

"இல்ல சார்."

"செடி பால் ஏதாவது பட்டுச்சா?"

"ஊமத்த சார்! ஊமத்ததான் சார்!" வல்லரசு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

டாக்டர் ஒரு மருந்தை விட்டுக் காத்திருந்தார். மறுபடி பார்த்தார். "இல்லப்பா. ஊமத்தைனா இந்த மருந்துக்கு மணி அசையாது. இது சுருங்குது. அது கெடையாது." டார்ச்சை அணைத்தார். "தலையில அடிபட்டுச்சா?"

வல்லரசு அணைந்த டார்ச்சையே பார்த்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மண்டையில அடிபட்டு உள்ள ரத்தம் சேர்ந்தா, அது நரம்ப அழுத்தும். ஒரு பக்கத்துக் கண்மணி இப்படித்தான் விரிஞ்சு நிக்கும். மொதல்ல ஆளு நல்லாதான் இருப்பாங்க. பேசுவாங்க, நடப்பாங்க. அப்புறம் தலைவலி, வாந்தி, மயக்கம். சீக்கிரம் கொண்டு வந்தா ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்திடலாம்."

"சீக்கிரம்னா… சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்தா போதுமா சார்?"

டாக்டர் அவனைப் பார்த்தார். "யாருக்குக் கேக்குற?"

"சும்மாதான் சார்."

ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ஒன்றும் இல்லை. சுத்தம். சில பேருக்குப் பிறவியிலேயே ரெண்டு மணியும் ஒரே அளவில் இருக்காது, சில குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும், சில பேருக்கு நரம்பு கொஞ்சம் மந்தமாகி இப்படி நின்றுவிடும் என்றார் டாக்டர். உனக்கு நரம்பு மந்தம், பார்வை சரியாக இருக்கிறது, ஆபத்து இல்லை என்று எழுதியும் கொடுத்தார். அப்புறம் அவன் கதவைத் திறக்கும்போது கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நாளைக்கு வேற எங்கயாவது ஆஸ்பத்திரிக்குப் போனா, ‘இந்தக் கண்ணு எனக்குப் பழசு’ன்னு மொதல்லயே சொல்லிடு. இல்லனா பாக்குறவங்க பயந்துடுவாங்க."

வல்லரசு சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான். அண்ணனுக்குப் போன் பண்ணினான். "ஒண்ணுமில்லயாம்ணா! வெறும் நரம்பாம்! சாதாரணக் கண்ணாம்!" பேய்கூட ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டுக் களைத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தான்.

அது களைக்கவில்லை. அது அடுக்கி வைத்துக்கொண்டிருந்தது. அவன் சொன்ன பொய்யையே ஒவ்வொரு செங்கலாக எடுத்து, அவனைச் சுற்றி…

"டேய் மாறா, ஒடம்பெல்லாம் கூசுதுடா." அபிநயா டார்ச்சை அணைத்தாள்.

"சொன்னேன்ல, நீயே அணைப்பனு."

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள். அதுவும் பிரதோஷம்தான். கடைசியாக ஒரு சவாரி என்று கிளம்பியவன், எப்படியோ அந்த ஏரிக்கரைச் சாலைக்குப் போயிருக்கிறான். யாரை ஏற்றினான், ஏன் போனான்… தெரியாது. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் வந்த சகாதேவன் என்கிற இன்னொரு ஆட்டோக்காரர்தான் பார்த்திருக்கிறார். வல்லரசின் ஆட்டோ ஓரமாக நின்றுகொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அவன் அதே மைல்கல்லுக்குப் பக்கத்தில், அதே இடத்தில், உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா… கல்லுல இடிச்சுக்கினேன்."

வலது காதுக்கு மேலே லேசான ஒரு வீக்கம். ரத்தம் இல்லை.

சகாதேவன் நல்ல மனுஷர். வேண்டாம் வேண்டாம் என்றவனைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்ததும் ஆடிப்போய்விட்டார். ஒரு கண்மணி சுருங்குகிறது, இன்னொன்று அப்படியே நிற்கிறது. தலையில் வேறு அடி. "ஒடனே ஸ்கேன் எடுக்கணும். யாராவது கையெழுத்துப் போடுங்க!"

வல்லரசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் பக்கத்தில் யாரையோ பார்த்தான். சகாதேவன் சொன்னார், அவன் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லையாம். உதடு உலர்ந்துபோய், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னானாம்.

"பழசு சார். இந்தக் கண்ணு… எனக்குப் பழசு."

செல்லில் இருந்த கண் டாக்டரின் எழுத்தையும் காட்டினான். சின்ன டாக்டருக்குப் பெரிய மூச்சு வந்தது. ஒரு ஊசி, நாலு மாத்திரை, வீட்டுக்குப் போய் ஓய்வெடு.

வீட்டில் தலை பிளக்கிறது என்று கத்தினான். வாந்தி எடுத்தான். அம்மாக்காரி அழுதாள். சக்கரபாணிதான் சமாதானம் சொன்னார். "கண்ணு பழசும்மா. டாக்டரே சொல்லிட்டாரு. தூங்கட்டும் விடு."

விளக்கு வைக்கிற நேரம். வல்லரசு எழுந்து உட்கார்ந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தான்.

"நான் கண்ணத் தொடவே இல்லண்ணா."

அவ்வளவுதான்.

மாறன் நிறுத்தினான். தெருவில் எங்கோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொண்டது. டப்… டப்…

"முடிஞ்சுதா?" என்றாள் அபிநயா.

"இல்ல. சக்கரபாணி அண்ணன் சும்மா விடுவாரா? ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டர் சட்டையப் புடிச்சிட்டாரு. ‘அடிபட்டவன் ஏதோ ஒளறுனா, நீ ஸ்கேன் எடுக்காம அனுப்பிடுவியா’னு. அந்த டாக்டர் அழுதுட்டாராம். ‘பேஷன்ட் மட்டும் சொல்லி இருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன் சார். கூட வந்த அத்தையும் சொன்னாங்க. கூடையோட வந்தாங்களே, அவங்க. பழசுதான் சார், எங்க வம்சத்துக்கே இந்தக் கண்ணுதான்னு சொன்னாங்க. அவங்க கண்ணையும் காமிச்சாங்க. நானே டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணு சுருங்குச்சு… ஒண்ணு சுருங்கல’னு சொன்னாராம்."

"அத்தையா?"

"வல்லரசுக்கு அத்தையே கெடையாதுடி. சகாதேவன் அண்ணன் சத்தியம் பண்றாரு, வண்டியில அவனத் தவிர யாரும் ஏறல. ஆனா அன்னிலேர்ந்து அவர் வண்டியில சவாரி ஏறுறவங்க எல்லாம், ‘இன்னாங்க, மல்லாட்ட மூட்ட ஏத்துனீங்களா’னு கேக்குறாங்களாம்."

அபிநயா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "போடா. எல்லாம் நீயா சேத்துக்குறது. விமல், இவன் சொல்றது நெசமாடா?"

விமல்ராஜ் செல்லை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான்.

அவன் செல் ஒளிர்ந்திருந்தது. இந்தமுறை அணையவில்லை. ஒரு போட்டோ. விமல்ராஜ் அதை ரெண்டு விரலால் பெரிசாக்கினான்… இன்னும் பெரிசாக்கினான். மாறன் எட்டிப் பார்த்தான்.

சக்கரபாணியின் குழந்தை. இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. எமர்ஜென்சி லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எடுத்த போட்டோ. இடது கண்மணி சின்னதாக இருந்தது.

வலது கண்…

"சாயங்காலம் கட்டில்லேர்ந்து விழுந்துச்சாம்," என்றான் விமல்ராஜ். "அழுதுட்டு, அப்புறம் நல்லாதான் வெளையாடுச்சாம். இப்போ வாந்தி."

"லூசாடா நீ! ஒக்காந்துனு இருக்க? ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போகச் சொல்லு!" அபிநயா கத்தினாள்.

விமல்ராஜ் போட்டோவை மூடினான். போன் போட்டான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள். அந்தப் பக்கமும் மழைச் சத்தம், ஆட்டோ ஓடுகிற சத்தம்.

"அக்கா! எங்கக்கா இருக்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்டா போய்னு இருக்கேன். ஒங்க மாமா வேணான்னுதான் சொன்னாரு. பயந்துனு மூலையில ஒக்காந்துனு இருக்காரு, கூட வரவே இல்ல. நான் கேக்கல, தூக்கினு வந்துட்டேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"நல்ல வேலை பண்ணக்கா. டாக்டர்கிட்ட விழுந்துச்சுனு சொல்லு. ஸ்கேன் எடுக்கச் சொல்லு. யார் இன்னா சொன்னாலும் கேக்காத. நான் இதோ வரேன். தனியாவா போற?"

"தனியா இல்லடா, பயப்படாத. வழியில ஒரு அத்த மழையில நின்னுனு இருந்தாங்க, ஏத்திக்கினேன். அவங்களும் ஆஸ்பத்திரி வரைக்கும் தொணைக்கு வர்றாங்களாம். கொழந்தய அவங்கதான் மடியில வச்சினு இருக்காங்க."

விமல்ராஜ் ஷட்டரைத் தூக்க எழுந்தான்.

ஸ்பீக்கரில் மழை. ஆட்டோ. அப்புறம் செல்லுக்கு ரொம்பப் பக்கத்தில், அவசரமே இல்லாமல், வேறொரு பெண் குரல்.

"அழாதம்மா. ஊமத்ததான். ரெண்டு நாள்ல சரியாயிடும்."